ஒரே கூடத்தில் மூன்றாம் வகுப்பும் பிளஸ் டூவும்: வேதிவினையை எப்படி எடுப்பது?

மாலைவகுப்பு, கடலூர் | திங்கள், இரவு 9.15

எல்லோருக்கும் வணக்கம். தேவனாம்பட்டினத்தில் ஒரு சமுதாயக் கூடத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். படித்தது பி.எஸ்சி. வேதியியல். ஆசிரியர் பயிற்சி எதுவும் பெற்றதில்லை. வருகிறவர்கள் இருபத்து மூன்று பேர், மூன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை. அண்ணன் வந்தால் தம்பியும் வருவான். தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிற அக்காக்களும் உண்டு. வகுப்பு வாரியாகப் பிரித்து உட்கார வைக்க இடமும் இல்லை, கூட நிற்க இன்னொரு ஆளும் இல்லை.

போன வாரம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள் என்று வேதிவினை எடுத்தேன். ஒரு டம்ளரில் சமையல் சோடா, அதன் மேல் வினிகர். நுரை பொங்கியதும் சின்னதுகள் ஒரே கூச்சல். அப்புறம் பலகையில் சமன்பாடு எழுதினேன். சின்னதுகள் எழுந்து மணலுக்கு ஓடிவிட்டன. பத்தாம் வகுப்பு டம்ளரைத் திரும்பியே பார்க்காமல் சமன்பாட்டை நோட்டில் எழுதியது. பிளஸ் டூ பையன், "இதெல்லாம் போன வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சிடுச்சுக்கா" என்றான்.

ஒரே ஒரு நாலாம் வகுப்புப் பெண் மட்டும் டம்ளர் பக்கத்திலேயே நின்றாள். "சோடா எங்கக்கா போச்சு?" என்று கேட்டாள். "கரைஞ்சு வாயுவா மாறிடுச்சும்மா" என்றேன். "கரைஞ்சுதா, மாறுச்சா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. இரண்டும் ஒன்று மாதிரி நான்தான் சொல்லியிருக்கிறேன்.

அன்றிலிருந்து இதுவே மனதில் ஓடுகிறது. இத்தனை வயதுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே வினையை வைத்து வகுப்பு எடுக்க முடியுமா? இல்லை, ஆளுக்கு ஒன்றாகத்தான் பிரித்துக் கொடுக்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் டியூஷன் | திங்கள், இரவு 9.50

பிரித்துவிடுங்கள் மேடம். பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இருக்கிறது. சேர்க்கை, சிதைவு, ஒற்றை இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி, எரிதல். இந்த ஐந்து வகை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சமன்பாடு, சமன் செய்தல் பயிற்சி. இது கையில் இருந்தால் மதிப்பெண் வந்துவிடும். பதினாறு வருடமாக டியூஷன் எடுக்கிறேன். செய்முறையைக் காட்டி ஒரு மணி நேரம் போனால் அந்தப் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் நஷ்டம். குறிப்பாக வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைக்கு அது பெரிய நஷ்டம்.

பாகூர் டீச்சர் | செவ்வாய், காலை 6.20

நான் புதுச்சேரிப் பக்கம் தொடக்கப் பள்ளியில் இருக்கிறேன். அந்த நாலாம் வகுப்புப் பெண்ணை விட்டுவிடாதீர்கள். அவள் கேட்டதுதான் பாடமே.

சின்னப் பிள்ளைகளிடம் நான் அணு, மூலக்கூறு பேச்சையே எடுப்பதில்லை. ஒரு சொல்லுக்கு அவர்கள் கண்ணால் பார்த்த ஒரு காரியம் இருக்க வேண்டும். அதனால் முதலில் சொற்களைப் பிரித்துக் கொடுப்பேன். உருகியது, கரைந்தது, கலந்தது, ஆவியானது, மாறியது. ஐந்துக்கும் ஐந்து தட்டு. மெழுகு, சர்க்கரைத் தண்ணீர், கடலையும் பொரியும், ஈரத் துணி. ஐந்தாவது தட்டில் ஆரத்தி.

ஆரத்தி எல்லா வீட்டிலும் பார்த்தது. மஞ்சள் கரைத்த தண்ணீரைத் தட்டில் ஊற்றி, விரல் நுனியில் வெற்றிலைச் சுண்ணாம்பு எடுத்துக் கலக்கினால் சிவக்கும். மஞ்சளும் சிவப்பில்லை, சுண்ணாம்பும் சிவப்பில்லை, அப்படியானால் சிவப்பு எங்கிருந்து வந்தது? இதை நான் கேட்பதில்லை, அவர்களே கேட்டுவிடுவார்கள். "பழைய பொருள் போய்ப் புதுசு வந்தா அது மாறியது" என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும். அந்த வயதுக்கு இவ்வளவு போதும்.

ஒன்று மட்டும் கவனம். அந்தத் தட்டில் எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு போய்த் திரும்ப மஞ்சளாகிவிடும். "வேதி மாற்றம் என்றால் பழைய நிலைக்குத் திரும்பாது" என்று நாம் வாய்ப்பாடு மாதிரி சொல்லிவைத்திருக்கிறோம் இல்லையா, அது அந்த இடத்திலேயே உடைந்துவிடும். போன வருடம் ஒரு பையன் என் எதிரிலேயே உடைத்தான். அதிலிருந்து அந்த வாக்கியத்தை நான் சொல்வதே இல்லை.

முதலாமாண்டு | செவ்வாய், காலை 8.05

அக்கா, பாகூர் டீச்சர் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. அணுவைச் சின்னப் பிள்ளைகளிடம் சொன்னால் என்ன? எங்கள் டியூஷனில் இடப்பெயர்ச்சி வினையைக் கல்யாணக் கதையாகச் சொன்னார்கள். "இரும்பு வந்து காப்பரைத் தள்ளிவிட்டு சல்பேட்டைக் கட்டிக்கிட்டுது." எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

கெடிலக்கரை | செவ்வாய், இரவு 10.30

மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தம்பிக்கு. அந்தக் கதை உங்களுக்கு மறக்கவில்லை என்பது சரி. ஆனால் இரும்பு ஏன் காப்பரைத் தள்ளியது என்று இப்போது கேட்டால் என்ன சொல்வீர்கள்? "அதுக்கு ஆசை" என்றுதான் வரும். பிளஸ் ஒன்னில் ஆற்றல் பாடம் வரும்போது இந்த ஆசை குறுக்கே நிற்கும். அணுவுக்கு விருப்பு வெறுப்பு இல்லை என்பதை மறுபடி உட்கார்ந்து கற்பிக்க வேண்டியிருக்கும். என் வகுப்புகளில் அந்த ஆசையைப் பிடுங்கவே பாதி நாள் போனது. மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் ஒரு இரும்பு ஆணியைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். ஆணி மேல் செம்பு படியும், நீலம் வெளுக்கும். கதையை விட அது நன்றாக ஞாபகம் இருக்கும். மயில்துத்தம் விஷம், சின்னவர்கள் கையில் கொடுக்கக் கூடாது.

சரி, மாலைவகுப்பு அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஒரே வினையை வைத்து எடுக்கலாம், பிரிக்கவே வேண்டாம். வயதுக்குத் தகுந்தபடி மாற வேண்டியது கேள்விதான். பெரியவர்களுக்குப் பெரிய பட்டாசு, சின்னவர்களுக்குச் சின்னப் பட்டாசு என்று போனால் உங்களுக்குச் சாமான் போதாது. ஒரே பொருளைக் கூடத்தின் நடுவில் வையுங்கள். நான் சுண்ணாம்பைச் சொல்வேன்.

உங்கள் பிள்ளைகள் கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்குகிறவர்கள். கிளிஞ்சல் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். காளவாயில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு போய்விடும், சுட்ட சுண்ணாம்பு நிற்கும். தண்ணீர் ஊற்றி நீற்றினால் கொதிக்கிற சூடு வந்து, நீறின சுண்ணாம்பாகும். அதைச் சுவரில் பூசினால் காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகும். புதுச்சேரியில் பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்துச் சுவர்கள் இறுகியது இப்படித்தான். கிளிஞ்சலில் தொடங்கியது கிளிஞ்சல் எந்தப் பொருளோ அதே பொருளில் வந்து நிற்கிறது.

இப்போது வயதைப் பாருங்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாகூர் டீச்சர் சொன்ன ஆரத்தி. என்ன பார்த்தாய், முன்பு எப்படி இருந்தது, பின்பு எப்படி ஆனது, சொல். அவ்வளவுதான்.

ஆறு முதல் எட்டு வரை உள்ளவர்களுக்கு எடை. இந்த வயதுப் பிள்ளைகளின் மனதில் வாயுவுக்கு எடை கிடையாது. கண்ணுக்குத் தெரியாதது இல்லாதது மாதிரிதான் அவர்களுக்கு. அதனால் கணக்கு வைக்கப் பழக்க வேண்டும். சுண்ணாம்பில் கணக்கு எவ்வளவு அழகாக வருகிறது பாருங்கள்: 100 கிராம் சுத்தமான கால்சியம் கார்பனேட்டை முழுதாகச் சுட்டால் 56 கிராம் நிற்கும். 44 கிராம் புகையோடு போய்விட்டது. அந்த 56 கிராம் 18 கிராம் தண்ணீரைக் குடித்து 74 ஆகும். சுவரில் ஏறி 44ஐத் திரும்ப வாங்கி, 18ஐ உலர விட்டு, மறுபடி 100. இதைத் தரையில் சாக்பீஸால் வட்டமாக எழுதி ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளையை அந்த வட்டத்தில் நடக்க விடுங்கள். வரவு செலவு புரிந்த பிள்ளைக்கு, வினையில் மொத்த எடை மாறாது என்று காட்டிய லவாய்சியர் தராசை வைத்து என்ன செய்தார் என்பதும் புரியும்.

பத்தாம் வகுப்புக்குச் சமன்பாடு. டியூஷன் சார் சொன்ன ஐந்து வகையில் நான்கு இங்கேயே கிடைக்கும். காளவாயில் நடப்பது சிதைவு. நீற்றுவது சேர்க்கை. காளவாயின் கரி எரிவது எரிதல். கிளிஞ்சலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் இரட்டை இடப்பெயர்ச்சியும், அதன் பின்னாலேயே கார்பானிக் அமிலத்தின் சிதைவும். ஒற்றை இடப்பெயர்ச்சிக்கு மட்டும் ஆணியும் மயில்துத்தமும்.

மேல்நிலைக்கு "ஏன்". நீற்றும்போது 56 கிராமுக்குச் சுமார் 65 கிலோஜூல் வெப்பம் வெளியே வருகிறது. கால் லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை 60 டிகிரி உயர்த்த அது போதும். இந்தச் சூடு எங்கே இருந்தது? "பிணைப்பு உடைந்ததால் வந்தது" என்று பிளஸ் டூ பிள்ளைகளில் பலர் சொல்வார்கள். தப்பு. உடைக்க ஆற்றல் செலவாகும். புதுப் பிணைப்பு உண்டாகும்போதுதான் ஆற்றல் வரும். உங்கள் பிளஸ் டூ பையனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், "முடிஞ்சிடுச்சு" என்று சொல்ல மாட்டான்.

1991ல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்ஸ் ஜான்ஸ்டன் என்ற வேதியியல் கல்வியாளர் ஒரு முக்கோணம் எழுதினார். ஒரு மூலையில் கண்ணால் பார்ப்பது, ஒரு மூலையில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள், மூன்றாவது மூலையில் குறியீடும் சமன்பாடும். தெரிந்தவர்கள் மூன்றுக்கும் நடுவே தாவித் தாவிப் பேசுகிறோம். புதிதாகக் கற்கிற பிள்ளைக்கு மூன்றும் ஒரே நேரத்தில் தலையில் ஏறாது. அன்றைக்கு உங்கள் டம்ளரிலிருந்து பலகைக்கு ஒரே தாவலாகத் தாவிவிட்டீர்கள். நடுவில் இருந்த மூலை காணாமல் போனது. சின்னதுகள் மணலுக்கு ஓடியதற்கும், பெரியவர்கள் டம்ளரைப் பார்க்காததற்கும் காரணம் அந்த ஒரே தாவல்தான் என்பது என் எண்ணம்.

நெல்லித்தோப்பு அம்மா | புதன், காலை 7.10

ஐயா சொன்னது நன்றாக இருக்கிறது. ஆனால் சுட்ட சுண்ணாம்பை இருபது பிள்ளைகள் நடுவில் நீற்றுவதா? சின்ன வயதில் எங்கள் வீட்டில் வெள்ளையடிக்க நீற்றும்போது அண்ணன் கண்ணில் ஒரு துளி தெறித்தது. பல நாள் கண்ணைத் திறக்க முடியவில்லை. தயவுசெய்து வேண்டாம்.

கெடிலக்கரை | புதன், காலை 7.45

நல்ல நேரத்தில் சொன்னீர்கள் அம்மா. நேற்றே நான் எழுதியிருக்க வேண்டும். நீற்றுவதைப் பிள்ளைகள் முன்னால் செய்ய வேண்டாம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் அமிலத்தை விட மோசம், உள்ளே இறங்கிக்கொண்டே போகும். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு ஏற்கெனவே நீறியது, அது போதும். அதையும் சின்னவர்கள் விரலால் தொட வேண்டாம், ஐஸ் குச்சியால் எடுக்கட்டும். நீற்றுவதைப் படமாக எடுத்துக் காட்டலாம்.

மூன்றாம்ஷிஃப்ட் | புதன், பிற்பகல் 3.30

நான் ஆசிரியர் இல்லை. சிப்காட்டில் ஒரு ஆலையில் ஆபரேட்டர். இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்து படித்தேன். தங்கச்சி, உங்கள் கூடத்துக்கு வருகிற பிள்ளைகளில் சிலர் நாளைக்கு எங்களோடு வந்து வேலை பார்ப்பார்கள். அதனால் ஒன்று இரண்டு சொல்கிறேன்.

ஒன்று, அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. இதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். காரணம் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. அடர் கந்தக அமிலத்தில் கொஞ்சம் தண்ணீர் விழுந்தால் அந்தக் கொஞ்சத் தண்ணீர் விழுந்த இடத்திலேயே கொதித்து, அமிலத்தையும் சேர்த்து மேலே வீசும். தண்ணீர் நிறைய இருந்தால் அதே சூட்டை அது வாங்கிக்கொள்ளும்.

இரண்டு, அளவு. சோதனைக் குழாயில் கதகதப்பாக இருக்கிற வினை ரியாக்டரில், அதாவது ஆலையில் வினை நடக்கிற பெரிய பாத்திரத்தில், ஆளைக் கொல்லும். பாத்திரம் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பத்து மடங்கு என்றால் உள்ளே சரக்கு ஆயிரம் மடங்கு. ஆனால் சூட்டை வெளியே விடுகிற சுவர்ப் பரப்பு நூறு மடங்குதான். உள்ளே சூடு தங்கும், சூடு தங்கினால் வினை வேகமாகும், வேகமானால் இன்னும் சூடு. அதனால்தான் மொத்தச் சரக்கையும் ஒரேயடியாகக் கொட்ட மாட்டோம். ஒரு பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டு, பாத்திரத்தைச் சுற்றியுள்ள ஜாக்கெட் உறையில் குளிர்ந்த நீர் ஓடவிட்டு, வெப்பநிலையைப் பார்த்தபடியே நிற்போம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வினைவேகம் எடுக்கும்போது இதைச் சொல்லுங்கள்.

மூன்றாவது எல்லா வயதுக்கும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும். என் சித்தி ஒருவர் "ரெண்டும் சேர்த்தா நல்லா வெளுக்கும்" என்று கதவைச் சாத்திக்கொண்டு கழுவினார். இருமி இருமி வெளியே வந்து விழுந்தார். பிழைத்துவிட்டார், நெஞ்சு மட்டும் பழையபடி இல்லை. வேதிவினை என்று எதைச் சொல்லிக்கொடுத்தாலும் இதைச் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை கூட வீட்டில் போய்ச் சொல்லும்.

மாலைவகுப்பு, கடலூர் | புதன், இரவு 8.40

எல்லோருக்கும் நன்றி. மூன்றாம்ஷிஃப்ட் அண்ணா, அந்த மூன்றாவது செய்தியை வரும் ஞாயிறு முதல் வேலையாகச் சொல்கிறேன்.

எடை பற்றி ஒரு சந்தேகம். நடுநிலைப் பிள்ளைகளுக்கு "வாயுவுக்கும் எடை உண்டு, எதுவும் காணாமல் போகவில்லை" என்று காட்ட, பாட்டிலில் வினிகர், பலூனில் சோடா வைத்து, பலூனைப் பாட்டிலின் வாயில் மாட்டிக் கவிழ்த்தால் போதும் இல்லையா? வாயு வெளியே போகாது, எடை மாறாது. தெரிந்த நகைக்கடை ஒன்றில் பழைய எலக்ட்ரானிக் தராசு தருகிறேன் என்றிருக்கிறார்கள், 0.1 கிராம் வரை காட்டும்.

கெடிலக்கரை | புதன், இரவு 9.30

பலூன் வேண்டாம் அம்மா, எடை குறைந்த மாதிரி காட்டும். இதில் நான் மூன்று வருடம் ஏமாந்தேன்.

100 மில்லி வினிகரில் 5 கிராம் சோடா போட்டால் இரண்டரைக் கிராம் போல வாயு வரும். பலூன் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் உப்பும். அது உப்பும்போது அந்த இடத்தில் இருந்த காற்றைத் தள்ளுகிறது. தண்ணீரில் பானை மிதக்க முயல்வது போலக் காற்றும் பலூனைக் கொஞ்சம் மேலே தாங்குகிறது. நம் ஊர்ச் சூட்டில் ஒரு லிட்டர் காற்று 1.2 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக ஒன்றரை கிராமுக்கு மேல் தராசில் குறையும். ஒரு துளி வாயு கூட ஒழுகியிருக்காது, ஆனால் எடை குறையும். நான் ஒவ்வொரு வருடமும் பலூன் வாயை நூலால் இறுக்கி, "எங்கோ ஒழுகுது" என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சரியாகப் பார்த்த பிள்ளைகளை "நீ தப்பாகப் பார்த்தாய்" என்று சொன்ன மாதிரி ஆயிற்று. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

குளிர்பானம் விற்கிற ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் எடுங்கள். கண்ணாடி வேண்டவே வேண்டாம். 50 மில்லி வினிகர் ஊற்றுங்கள். அரை டீஸ்பூன் சோடா, சுமார் 2 கிராம், டிஷ்யூ தாளில் சின்னப் பொட்டலமாகக் கட்டுங்கள். பாட்டில், மூடி, பொட்டலம் மூன்றையும் சேர்த்து எடை எழுதிக்கொள்ளுங்கள். பொட்டலத்தை உள்ளே போட்டு உடனே இறுக்கி மூடுங்கள். நுரை அடங்கியதும் எடை அப்படியே இருக்கும். பாட்டில் கெட்டியானது, உப்பாது, அதனால் காற்றின் தாங்கலும் மாறாது. அப்புறம் மூடியைத் திறங்கள். புஸ் என்று சத்தம். திரும்ப எடை போடுங்கள், முக்கால் கிராம் போலக் குறைந்திருக்கும். அந்தச் சத்தம்தான் முக்கால் கிராம் என்று பிள்ளைகளுக்குப் புரியும். 2 கிராமுக்கு மேல் சோடா போடாதீர்கள்.

பலூனை பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வையுங்கள். "எடை ஏன் குறைந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் டியூஷன் | வியாழன், இரவு 10.15

கெடிலக்கரை சார், பலூன் விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி. ஆனாலும் என் கவலை போகவில்லை. தேர்வில் "சமன் செய்க" என்றுதான் வரும். பிள்ளைகள் இன்னும் தண்ணீர் உண்டாகும் சமன்பாட்டைச் சமன் செய்யச் சொன்னால் ஆக்சிஜன் பக்கத்தில் ஒரு 2 போட்டு ஹைட்ரஜன் பெராக்சைடாக்கிவிடுகிறார்கள். இதற்கு என்ன செய்முறை இருக்கிறது?

பாகூர் டீச்சர் | வெள்ளி, காலை 6.05

சார், பெரிய வகுப்பு டீச்சர் ஒருவர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். புளியங்கொட்டை ஆக்சிஜன், மக்காச்சோளம் ஹைட்ரஜன். இரண்டு சோளத்தையும் ஒரு கொட்டையையும் சின்னப் பாக்கெட்டில் போட்டு ஸ்டேப்ளர் அடித்துவிடுவார். அது தண்ணீர். ஆக்சிஜன் பாக்கெட்டில் இரண்டு கொட்டை. விதி ஒன்றே ஒன்று: விளைபொருள் பாக்கெட்டைப் பிரித்து உள்ளே எதையும் சேர்க்கக் கூடாது, வேண்டுமானால் இன்னொரு பாக்கெட் முழுசாக எடுத்துக்கொள். கீழே எழுதும் எண் பாக்கெட்டுக்கு உள்ளே இருப்பது, முன்னால் எழுதும் எண் எத்தனை பாக்கெட் என்பது. பத்து நிமிட வேலை. உங்கள் ஒரு மணி நேரம் நஷ்டமாகாது.

எங்கள் அரசுப் பள்ளிகள் இப்போது சி.பி.எஸ்.இ. பாடத்துக்கு மாறிவிட்டன. பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே வேதிவினைகள்தான், அதிலும் சுண்ணாம்பு வெள்ளையடிப்பது வருகிறது. ஐயா சொன்ன வட்டம் ஆற்றுக்கு இந்தப் பக்கத்துக்கும் பொருந்தும்.

முதலாமாண்டு | வெள்ளி, மாலை 6.40

கெடிலக்கரை ஐயா, இரண்டு நாளாக யோசித்தேன். இரும்பு ஏன் தள்ளியது என்று எனக்கு உண்மையிலேயே சொல்ல வரவில்லை. கதை மட்டும்தான் இருந்தது. அக்கா, ஞாயிறு நான் வரலாமா? மஞ்சக்குப்பத்தில்தான் இருக்கிறேன். சமநிலைக்கு (முன்னால் போகும் வினையும் திரும்பி வரும் வினையும் ஒரே வேகத்தில் நடப்பது) ஒரு செய்முறை தெரியும், பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஆகும். அகலமான இரண்டு டப், ஒரு பெரிய சொம்பு, ஒரு சின்ன டம்ளர். தண்ணீர் முழுவதும் பெரிய சொம்பு இருக்கிற டப்பில். இரண்டு பேர் ஒரே நேரத்தில் மொண்டு மொண்டு மாற்றி ஊற்ற வேண்டும். பெரிய சொம்புக்காரர் டப்பில் மட்டம் குறையக் குறையச் சொம்பு நிறையாது. ஒரு கட்டத்தில் போவதும் வருவதும் சமமாகி, மட்டம் அசையாமல் நிற்கும். கை மட்டும் ஓயாது.

மாலைவகுப்பு, கடலூர் | வெள்ளி, இரவு 9.00

கட்டாயம் வா தம்பி. காலை ஒன்பது மணி.

மாலைவகுப்பு, கடலூர் | ஞாயிறு, இரவு 8.20

இன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும். இரண்டு பிள்ளைகள் "எங்க வீட்ல சேர்த்துத்தான் கழுவுறாங்க" என்றார்கள். வகுப்பு முடிந்ததும் நேரில் போய் அந்த வீடுகளில் சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம் ஐந்து தட்டு. அந்த நாலாம் வகுப்புப் பெண்ணிடம்தான் கொடுத்தேன். சர்க்கரைத் தட்டைக் காட்டி, "இது கரைஞ்சுது. நக்கிப் பார்த்தா இனிக்குது, சர்க்கரை உள்ளதான் இருக்கு" என்றாள். ஆரத்தித் தட்டில் நிறைய நேரம் நின்றாள். "இது மாறுச்சு. போன வாரம் சோடாவும் மாறுச்சு. நீங்க கரைஞ்சுதுன்னும் சொன்னீங்க" என்றாள். "ஆமாம்மா, முதல்ல கரைஞ்சுது, அப்புறம் மாறுச்சு. ரெண்டையும் சேர்த்துச் சொன்னது என் தப்பு" என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டாள்.

பாட்டில் எடை ஐயா சொன்னபடியே வந்தது. மூடியபோது மாறவில்லை, திறந்ததும் 0.7 கிராம் குறைந்தது. ஏழாம் வகுப்புப் பையன்கள் மூன்று தடவை செய்யச் சொன்னார்கள். டப் விளையாட்டில் மட்டம் நின்றது, ஆனால் இரண்டு டப்பிலும் வேறு வேறு உயரத்தில் நின்றது. சமநிலை என்றால் இரண்டும் சரிபாதி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன் என்று பிளஸ் ஒன் பெண் ஒருத்தி சொன்னாள்.

இப்போது எனக்கு ஒரு சந்தேகம். முந்தைய நாளே வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் குலுக்கி, தெளிய வைத்து, மேலே இருந்த தெளிந்த நீரை எடுத்து வைத்திருந்தேன். சோடா-வினிகர் வாயுவை மீன்தொட்டிக் குழாய் வழியாக அதில் விட்டோம். எல்லா டம்ளரும் பால் போல ஆனது. ஒரு எட்டாம் வகுப்புப் பையன் மட்டும் நிறுத்தாமல் விட்டுக்கொண்டே இருந்தான், அவனுடையது மட்டும் திரும்பத் தெளிந்துவிட்டது. "நான் கெடுத்துட்டேனா?" என்று முகம் வாடிவிட்டான். வெள்ளையாகக் கலங்கிய கால்சியம் கார்பனேட், அதிகக் கார்பன் டை ஆக்சைடில் கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட் ஆகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பார்த்து மற்றவர்களும் அவ்வளவு நேரம் விட்டார்களே, அவர்களுடையது ஏன் தெளியவில்லை?

கெடிலக்கரை | ஞாயிறு, இரவு 9.05

அந்தப் பையன் தண்ணீர் ஏதாவது சேர்த்தானா, விசாரியுங்கள். தெளிந்த சுண்ணாம்பு நீரை அப்படியே எடுத்தால் அதில் உள்ள கால்சியம் அதிகம். கார்பன் டை ஆக்சைடை எவ்வளவு விட்டாலும் அத்தனையும் பைகார்பனேட்டாகக் கரைந்து நிற்காது, அதில் பாதிகூடக் கரையாது. மூன்று நான்கு மடங்கு நீர்த்திருந்தால்தான் முழுவதும் தெளியும். புத்தகத்தில் "தெளியும்" என்று ஒரு வரியில் இருப்பது பல பள்ளிகளில் தெளியாமல் போவதற்கு இதுதான் காரணம்.

மாலைவகுப்பு, கடலூர் | ஞாயிறு, இரவு 9.40

இப்போதுதான் அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். சுண்ணாம்பு நீர் கடைசியில் அவனுக்குக் கால் டம்ளர்தான் கிடைத்ததாம். மற்றவர்கள் டம்ளர் உயரத்துக்கு வர வேண்டும் என்று குடத்துத் தண்ணீரை மேலே ஊற்றியிருக்கிறான். "சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லலக்கா" என்றான்.

கெடிலக்கரை | ஞாயிறு, இரவு 9.50

டம்ளரைக் கொட்டிவிட்டீர்களா? இல்லை என்றால் அதைக் கொதிக்க வையுங்கள்.

மாலைவகுப்பு, கடலூர் | ஞாயிறு, இரவு 10.25

கொட்டவில்லை. சின்னப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். கொதி வந்து கொஞ்ச நேரத்தில் திரும்ப வெள்ளையாகக் கலங்கிவிட்டது. ஆறினதும் அடியில் மெல்லிய மாவு மாதிரி படிந்தது. பாட்டிலில் ஊற்றி அவன் பேரை எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு அவனையே நடத்தச் சொல்லப் போகிறேன்.

மூன்றாம்ஷிஃப்ட் | திங்கள், காலை 7.15

எங்கள் பாய்லர் குழாயில் படிகிறதும் இதே கால்சியம் கார்பனேட்தான் தங்கச்சி. பழைய குழாய்த் துண்டு ஒன்று கிடைத்தால் கழுவி எடுத்து வருகிறேன். அடுத்த ஞாயிறு எனக்கு வார விடுமுறை.